உலை பிரித்து முடியும் வரை

ஜூன் 1, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் போன வாரமே முடிந்தது என்று காலண்டர் சொல்கிறது. வெயிலுக்குக் காலண்டர் பார்க்கத் தெரியாது போல. காலை எட்டுக்கே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. வடகம் மட்டும் நன்றாகக் காய்கிறது.

புது நோட்டு. முதல் பக்கத்தில் நல்லதை எழுதினால் நோட்டு முழுக்க நல்லது வரும் என்று ஐந்தாம் வகுப்பு டீச்சர் சொன்னார். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அதனால் வேறு டீச்சர் யாரும் அதை மாற்றிச் சொல்லவும் இல்லை. ஆகவே நல்லது:

கார்த்திகேயன், மகள் வசந்தியின் பிள்ளை. போளூரில் பேங்க் ஆபீசர். பரீட்சை எழுதி, முதல் தடவையிலேயே.

யாழினி, அவன் தங்கை. நர்சிங் மூன்றாம் வருஷம். ஊசி போடுவதில் அவள் கை பூப்போல என்று வார்டில் பேர்.

தேன்மொழி, மகன் முருகனின் ஒரே பெண். இவளுக்கு ஒரு பக்கம் போதாது. பத்தாவதில் பள்ளிக்கூடத்தில் முதல். பன்னிரண்டாவதில் கணக்கில் நூற்றுக்கு நூறு, கலெக்டர் கையால் பரிசு. மெக்கானிக்கல் இன்ஜினியர், வகுப்பில் மொத்தம் நாலே பெண்கள். அதற்கு மேல் எம்.டெக். இப்போது இரண்டு வருஷமாக இங்கிலாந்தில், கடலோரமாக ஒரு பழைய அணுமின் நிலையம், அதைப் பிரிக்கிற வேலை. கரண்ட் எடுப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். இவள் வேறு அறையில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்தபடி ஒரு இரும்புக் கையை ஆட்டுவாள். அது உள்ளே போய்க் குழாய்களை வெட்டும். எங்கள் வேங்கிக்காலில் வேறு எந்த வீட்டுப் பெண் இதைச் செய்கிறாள்?

எதிர் வீட்டுக் கமலா போன வாரம்: “இன்னாக்கா, கட்டறதுக்குப் படிக்க வெச்சீங்க, இடிக்கிற வேலைக்குப் போயிருக்குது?” அவளுக்குப் பொறாமை. பதிலை இங்கே எழுதுகிறேன்: கட்ட யாராலும் முடியும்.

மதியம் மூன்றுக்குத் தே. போன். (தே. என்றால் தேன்மொழி. இனி அப்படித்தான்.) எப்போதும் போல் கேட்டேன்: “இன்னும் எவ்ளோ கண்ணு பாக்கி?” எப்போதும் “போயிட்டிருக்கு ஆயா” என்பாள். இன்று சந்தோஷத்தில் முழுசாகச் சொன்னாள்.

“ஆயா, எனக்கு பர்மனன்ட் ஆயிடுச்சி. இனிமே ரிடையர் ஆகிற வரைக்கும் இங்க வேலை இருக்கு.”

“ஒரே எடத்துலயா?”

“இந்த ஒரு எடமே என் காலத்துல முடியாது. நாங்க இப்ப பண்றது சுத்தி இருக்கிற வேலைதான். நடுவுல இருக்கிற உலைய அப்படியே பூட்டி வெச்சிடுவாங்க. உள்ள கதிர்வீச்சு கம்மியாகணும். அதத் தொடவே இன்னும் ஐம்பது வருஷம் ஆகும்.”

திரும்பக் கேட்டேன். ஐம்பதுதான்.

வாழ்த்துச் சொன்னேனா இல்லையா, ஞாபகம் இல்லை.

இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை, எழுதுகிறேன். இவள் போகும்போது பிரிக்கிற வேலை என்றாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பழைய லாட்ஜை இடித்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒரு ஜேசிபி, பத்து நாள், சமதரை. வெள்ளைக்காரன் நிதானமாகச் செய்வான், ஒரு வருஷம் வைத்துக்கொள், தப்பினால் இரண்டு என்று நினைத்தேன். அந்த மாசத்துப் பௌர்ணமியில் ராஜகோபுரத்தின் முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

அண்ணாமலையானே, அந்த உலையை ஒரு செங்கல் மிச்சமில்லாமல் பிரித்து முடிக்கிற வரைக்கும் ஒரு பௌர்ணமி விடாமல் உன்னைச் சுற்றி வருகிறேன். அதுவரை அந்த விஷம் குழந்தை மேல் படாமல் நீ பார்த்துக்கொள்.

இதுவரை இருபத்துநாலு சுற்று. அடுப்படிச் சுவரில் கரிக்கோடு இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம். காய்ச்சலில் ஒன்று. மழையில் மூன்று. பதினாலு கிலோமீட்டரும் வெறுங்கால்.

எனக்கு எழுபத்திரண்டு. ஐம்பதைக் கூட்டினால் நூற்று இருபத்திரண்டு. கணக்கில் நானும் சுத்தம்தான்.


ஜூன் 2, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். தெரு முழுக்க வேன் சத்தம். மு.வ. (முழங்கால் வலி) ஜாஸ்தி. மா. போட்டேன், மாத்திரைதான்.

செல்விக்குத் தெரியுமாம். என் மருமகள், தே.யைப் பெற்றவள். ஐம்பது வருஷ விஷயம் முதலிலிருந்தே தெரியுமாம்!

“சொல்றதுக்கு இன்னா?”

“உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் அத்தை. அது போறப்பவே சொல்லிச்சே, நெறைய வருஷம் ஆகும்னு.”

“நெறையன்னா ஐம்பதா? நான் மாசா மாசம் மலை சுத்தறேன், நீ பாத்துக்கினு இருக்க!”

“நீங்க எதுக்குச் சுத்தறீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே.”

வேண்டுதலை வெளியே சொல்லக் கூடாது என்பதுகூடவா தெரியாது. பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். ரசத்தில் உப்பு இல்லை.


ஜூன் 4, புதன்

டாக்டர். இரண்டு மணி நேரம் பெஞ்சு. எனக்கு முன்னால் பதினேழு பேர், அதில் பதினாறு முழங்கால்.

“ஜவ்வு தேஞ்சிடுச்சிம்மா. படி கூடாது, தரையில உக்காரக் கூடாது. கிரிவலம் மறந்துடுங்க.”

“அடுத்த புதன் பௌர்ணமிங்க.”

“எந்த புதனும் வேணாம்.”

முருகன் கூட வந்திருந்தான். பஸ் டிப்போவில் மெக்கானிக். மனுஷக் காலையும் ஸ்பேர் பார்ட்ஸ் மாதிரிதான் பேசுவான். “அம்மா, பேரிங் போச்சுன்னா வண்டிய ஓட்டக் கூடாது. ஓட்டினா மொத்தமும் போயிடும்.” அப்புறம்தான், ஏன் இந்தப் பிடிவாதம் என்று வழியெல்லாம் கேட்டுக் கேட்டு, வேண்டுதலை வாயிலிருந்து பிடுங்கிவிட்டான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வண்டியை ஓரமாக நிறுத்தி, “ஐயோ அம்மா” என்றான்.

வா. (வாங்கியது): முழங்கால் பெல்ட் 1, எண்ணெய் 1, வெள்ளரிக்காய்.


ஜூன் 5, வியாழன்

காற்று. மாடியில் காய்ந்த வடகத்தில் பாதி மண்.

முருகன் வாயில் எதுவும் தங்காது. ஞாயிறுதான் போன் செய்வாள் தே., இன்றே வந்துவிட்டது.

“ஆயா, யாரக் கேட்டு வேண்டிக்கினே?”

“சாமிகிட்ட வேண்டறதுக்கு யாரக் கேக்கணும்?”

“என் பேர்ல வேண்டறப்போ என்னைக் கேக்கணும்ல?”

இது என்ன நியாயமோ. நான் வேறு வழியில் போனேன். உங்கள் ஊர்க்காரனுக்குத்தான் சோம்பேறித்தனம் போல, மற்ற நாட்டில் சீக்கிரம் முடிக்கிறார்களா, அங்கே மாற்றல் வாங்கிக்கொள் என்றேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எல்லா நாட்லயும் இதே கததான் ஆயா. அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ். நெறைய உலைங்கள ஏறக்குறைய ஒரே காலத்துல கட்டினாங்க. இப்ப எல்லாத்துக்கும் ஒண்ணா வயசாகுது. சிலத இன்னும் பத்து இருபது வருஷம் ஓட்டலாம்னு தேத்தி வெச்சிருக்காங்க. சிலத மூடிட்டாங்க. மூடினதுல முழுசா பிரிச்சி முடிச்சது கொஞ்சம்தான். ஜெர்மனியில காத்திருக்காம ஒடனே பிரிக்கிறாங்க. அதுக்கே பதினைஞ்சு இருபது வருஷம். இந்த வேலை தெரிஞ்ச ஆளுங்களும் கம்மி.”

ஒரே முகூர்த்தத்தில் தாலி கட்டினவர்கள் எல்லாம் ஒன்றாகக் கிழமாகி, ஊரில் இருக்கிற ஒரே டாக்டர் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. நேற்றுத்தான் பார்த்தேன் அந்தப் பெஞ்சை.

“சரி, பிரிச்சத எங்க கொட்டுவாங்க?”

“அதான் பெரிய சண்டை. பூமிக்கு அடியில ரொம்ப ஆழமா வெக்கணும். பின்லாந்துன்னு ஒரு நாட்ல தோண்டிட்டாங்க. இங்க எந்த ஊர்ல வெக்கறதுன்னு இன்னும் பேசிக்கினே இருக்காங்க.”

பேசிக்கொண்டேதான் இருப்பார்கள். இங்கே தெருக் குப்பைத் தொட்டியை யார் வீட்டு எதிரே வைப்பது என்று ஒரு வருஷமாகப் பேசுகிறோம். கமலா வீட்டு எதிரே என்று நான் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வேறு. கட்டும்போது எவனுமா பிரிப்பதை நினைக்கவில்லை? கல்யாணப் பந்தல் போடுகிறவன்கூட, மறுநாள் அவிழ்க்கிற முடிச்சாகத்தான் போடுவான். கயிற்றின் நுனியை வெளியே விட்டு வைப்பான். ஐந்தாம் வகுப்புகூட படிக்காதவன் அவன். இவர்கள் என்ன படித்தார்கள்? இதைத் தே.யிடம் கேட்டேன்.

“இதையேதான் எங்க மீட்டிங்ல எல்லாரும் கேக்கறாங்க ஆயா” என்றாள். “அப்ப கரண்ட்டு வேணும், கட்டிட்டாங்க. பிரிக்கிறது பின்னால வர்றவன் பாத்துப்பான்னு விட்டுட்டாங்க. பின்னால வந்தது நான்.”

“நம்ம நாட்ல?”

“அங்கயும் பழசு இருக்கு. ஒரு நாள் பிரிச்சித்தான் ஆகணும். அப்ப இந்த வேலை கத்துக்கிட்டவங்க வேணும்.”

“அப்ப வருவியா?”

“வரலாம்.”

“எப்ப?”

“இங்க காத்து ஆயா, சரியா கேக்கல” என்றாள். அங்கேயும் காற்று.

எங்கள் அப்பாவுக்குச் சுண்ணாம்புக் காளவாயில் வேலை. நீற்றிய சுண்ணாம்புத் தொட்டி மேலே வெள்ளையாக, சத்தமில்லாமல், பாலாடை கட்டின மாதிரி இருக்கும். கையை விட்டால் தோல் உரியும். “அது சும்மா இருக்குதுன்னு நெனைக்காதடி, அது உள்ள வேலை பாக்குது” என்பார். மூன்று நாள் கழித்துத்தான் தொட விடுவார். இவர்களுக்கு மூன்று நாளுக்குப் பதில் ஐம்பது வருஷம். அது புரிகிறது. புரிந்து என்ன செய்ய.


ஜூன் 7, சனி

பிள்ளையார் கோயில் குருக்களிடம் கேட்டுவிடுவது என்று போனேன். தேங்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார்.

“சாமி, வேண்டுதல மாத்திக்கலாமா?”

“என்ன வேண்டினீங்க?”

சொன்னேன். அணு உலை என்றதும் தேங்காயைக் கீழே வைத்தார்.

“கல்யாணம், குழந்தை, வழக்குன்னு வருவாங்க. இது புதுசா இருக்கேம்மா.” கொஞ்சம் யோசித்தார். “உடம்பு முடியலன்னா சாமி கோச்சிக்க மாட்டார். மனசுலயே சுத்துங்க.”

மனசில் சுற்றினால் மனசில்தான் காப்பாற்றுவார். குழந்தை அங்கே நிஜ உலை பக்கத்தில் அல்லவா நிற்கிறது.

வரும் வழியில் கமலா பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் தெரிந்துவிட்டது, முருகன் சொல்லியிருப்பான், அல்லது காற்று சொல்லியிருக்கும். “ஆட்டோவுல சுத்துங்கக்கா. மலைக்கு இன்னா தெரியும், டயரா காலான்னு?”

“உன் பேரனுக்கு வேண்டிக்கினா ஆட்டோல சுத்து” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு நிம்மதி.


ஜூன் 8, ஞாயிறு

தே. போன். சமாதானம் பேச வந்தாள்.

“ஆயா, நல்லா கேளு. நான் இங்க வர்றதுக்கு முன்னாடியே உள்ள இருந்த எரிபொருள் எல்லாத்தையும் எடுத்தாச்சு. ஆபத்துல நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது பங்கு அதுலதான். அது போயாச்சு. உன் வேண்டுதல் முடிஞ்சிதுன்னு வெச்சிக்கோ.”

“மீதி ஒரு பங்கு?”

“அதுக்குத்தான் நாங்க இருக்கோம்.”

“அந்த ஒரு பங்குக்குத்தான் நானும் இருக்கேன்.”

“ஆயா! எங்க சட்டையில ஒரு பட்டை இருக்கு. எவ்ளோ கதிர்வீச்சு பட்டுதுன்னு அது காட்டும். அளவுக்குக் கிட்ட வந்தாலே ஆள வெளிய எடுத்துட்டு வேற ஆளப் போடுவாங்க. நான் நல்லா இருக்கேன். நீதான் விழப்போற. நீ விழுந்தா நான் இங்க எப்படி வேலை பாப்பேன்? கை நடுங்கினா அந்த இரும்புக் கையும் நடுங்கும், தெரியுமா?”

“நான் நிறுத்தி, அப்புறம் உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எப்படி இருப்பேன்?”

போனை வைத்துவிட்டாள். என்னிடம்! எட்டு வயதில் காது குத்தினதற்கு அழுதவள், நான்தான் மடியில் வைத்திருந்தேன்.

மத்தியானம் சாப்பிடவில்லை. நான்கு மணிக்குப் பசித்தது, சாப்பிட்டேன்.


ஜூன் 10, செவ்வாய்

நாளைக் காலை போவதாக முடிவு. பௌர்ணமி நாளை மதியம் ஒரு மணி வரைக்கும். ஐந்துக்குக் கிளம்பினால் போதும்.

முருகன்: “போனா என்கிட்ட பேசாத.” சரி.

செல்வி எட்டு நாளாக வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டும்தான். “சாப்பாடு.” “தண்ணி.” “போன்.” சாயங்காலம் என் துணிப் பையைப் பார்த்தால் மேலாக முழங்கால் பெல்ட், எண்ணெய், மா. அட்டை. நான் எடுத்து வைக்கவில்லை. கேட்கவும் இல்லை.


ஜூன் 11, புதன். பௌர்ணமி

நீளமாக எழுத வேண்டும். கால் அசையாது, கை அசைகிறது.

காலை நாலேமுக்காலுக்கு ஆட்டோ. ஏறி உட்கார்ந்தால், செல்வியும் ஏறுகிறாள். நீலச் சேலை, தண்ணீர் பாட்டில்.

“எங்க வர்ற?”

“வர்றேன்.”

ராஜகோபுரத்தில் சூடம் ஏற்றி நடக்க ஆரம்பித்தோம். கூட்டம். பெங்களூர்க்காரர்கள், ஆந்திராக்காரர்கள், அரோகரா. செல்வி காலில் செருப்பு.

“செருப்போட மலை சுத்தறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்.”

“எனக்கு வேண்டுதல் இல்ல அத்தை. உங்கள விடத்தான் வர்றேன்.”

எட்டு நாளில் இதுதான் நீளமான பேச்சு. அக்னி லிங்கம் வரை நன்றாகத்தான் இருந்தது. எம லிங்கம் தாண்டினதும் ஆணி அடிக்கிற மாதிரி ஒரு வலி. பல்லைக் கடித்தேன். நிருதி லிங்கத்தில் மா. போட்டேன். வருண லிங்கத்தில் பெல்ட்டை இறுக்கினேன். செல்வி என் பக்கத்திலேயே, தொடாமல், ஒரு முழம் தள்ளி. அடி அண்ணாமலையில் கால் பூட்டிக்கொண்டது. மடங்கவும் இல்லை, நீளவும் இல்லை. ஒன்பது மணி.

டீக்கடைக்காரம்மா ஸ்டூல் போட்டாள். செல்வி எண்ணெய் தேய்த்தாள். எழுந்தேன், வரவில்லை. திரும்ப எழுந்தேன், அவள் தோளில் சாய்ந்துவிட்டேன். இன்னும் ஆறு கிலோமீட்டர் இருக்கிறது. எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்டுவது? மலையைப் பார்த்துத்தான் கத்தினேன். இருபத்துநாலு தடவை வந்தேனே, இப்படியா என்று. ஆந்திராக்காரர் ஒருவர் அது ஏதோ மந்திரம் என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

செல்வி எண்ணெய்க் கையை முந்தானையில் துடைத்தாள்.

“போதும் அத்தை. நீங்க உக்காருங்க. மீதிய நான் நடக்கறேன்.”

“என் வேண்டுதல்டி அது.”

“எம் பொண்ணு அத்தை.”

இருபத்தொன்பது வருஷத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசினதே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் பேசியிருக்கிறாள். இந்த ஒன்றுக்கு மட்டும் திரும்ப ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

செருப்பைக் கழற்றி என் பையில் போட்டாள். மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். வாய் அசைந்தது. என்ன சொன்னாளோ. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள். கூட்டத்தில் அந்த நீலம் கொஞ்ச தூரம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

“பொண்ணா?” என்றாள் டீக்கடைக்காரம்மா.

“மருமக.”

“சும்மா சொல்லாதம்மா.”

வருகிற போகிறவர்கள் எல்லாம் அவளிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார்கள். எல்லோருக்கும் “தோ, கிட்டதான்” என்றாள். ஆறு கிலோமீட்டர் இருக்கிறதே, ஏன் இப்படிச் சொல்கிறாய் என்றேன்.

“தூரம்னு சொன்னா இங்கயே உக்காந்துடுவாங்கமா. அப்புறம் நான் எங்க போய் டீ ஆத்தறது?”

பதினொன்றரைக்கு முருகன் ஊருக்குள் இருக்கிற வழியாகப் பைக்கில் வந்தான், செல்வி நடக்கும்போதே போனில் சொல்லியிருந்தாளாம். என்னிடம் பேசாதே என்றவன், “ஏறு” என்றான். பின்னால் உட்கார்ந்து, செருப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

செல்வி ஒன்றேகாலுக்கு வந்தாள். முகம் கறுத்து, உதடு காய்ந்து. போன் செத்துப்போய்விட்டதாம், அதனால்தான் முடித்ததும் கூப்பிடவில்லையாம். தண்ணீர் இரண்டு சொம்பு.

“முடிச்சியா?”

“முடிச்சேன். மணி பன்னெண்டு இருக்கும். ராஜகோபுரத்துல சூடம் ஏத்தினேன். இன்னா சொல்றதுன்னு தெரியல அத்தை. மீதின்னு மட்டும் சொல்லிட்டு வந்தேன்.”

உள்ளங்காலில் கொப்புளம், இரண்டு காலிலும். ஜூன் மாசத் தார் ரோடு, பழக்கமில்லாத கால். விளக்கெண்ணெய் எடுத்து வந்து காலை நீட்டு என்றேன். “ஐயோ, நீங்க என் காலத் தொடக் கூடாது அத்தை” என்று மடக்கிக்கொண்டாள். கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். இந்த வீட்டில் ஒரு காரியத்தையும் செய்ய விட மாட்டார்கள்.

சுவரில் கோடு போடுவதா வேண்டாமா என்று குழப்பம். பொய்க்கணக்கு எழுத மனசு வரவில்லை. பாதிக்கோடு போட்டேன். இப்போது போய்ப் பார்த்தால், அதன் கீழே மீதியை யாரோ போட்டிருக்கிறார்கள். வளைந்திருக்கிறது.


ஜூன் 12, வியாழன்

மேகம். தூறல் போடும் என்று வடகத்தை எடுத்தால், போடவில்லை.

மு.வ. சொல்ல வேண்டியதில்லை. செல்வி குதிகாலால் நடக்கிறாள். வீட்டில் இரண்டு பொம்பளைகளும் சுவரைப் பிடித்து நடக்கிறோம். முருகன் காப்பி போட்டான். வாயில் வைக்க முடியவில்லை, குடித்தோம்.

தே.யிடமிருந்து போன். முதலில் என்னிடம்: “அம்மா நடந்தாங்களா?” என்றாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் பேசவில்லை, அம்மாவிடம் கொடு என்றாள். செல்வி போனை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டாள். எனக்குக் கேட்டது இவ்வளவுதான்:

“ம்... ம்... இல்லடி... அதெல்லாம் இல்ல... நீ ஏன் அழற?... சரி. சரி... கையெழுத்து போட்டுட்டியா?... நல்லா இரு... மொதல்ல நீ சாப்பிட்டியா?”

“இன்னா சொல்றா?”

“ஒண்ணும் இல்ல அத்தை.”

அரை மணி நேரம் ஒன்றும் இல்லாமலா பேசினார்கள்? எல்லாவற்றையும் நானே ஊகித்துக்கொள்ள வேண்டும். பர்மனன்ட் வேலைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாள், அதுதான். நான் அழவில்லை. முதல் பக்கத்தில் சேர்க்கவும் ஆயிற்று, கமலா வந்தால் சொல்லிக்கொள்ளவும் ஆயிற்று.

சாயங்காலம் செல்வி போனில் ஒரு படம் காட்டினாள், தே. இப்போதுதான் அனுப்பினாளாம், வேலை செய்கிற இடத்தில் எடுத்ததாம். தலையிலிருந்து கால்வரை வெள்ளை உறை, முகத்தில் மூடி, கண் மட்டும். கமலாவும் எட்டிப் பார்த்தாள். சமாதானத்துக்கு வாழைப்பூ கொண்டுவந்திருந்தாள். “இதுல உங்க பேத்தி எதுங்கக்கா?” மூன்று பேர் நிற்கிறார்கள். எனக்குத் தெரியும், இடது பக்கம், நிற்கிற தினுசு. செல்வி வலது பக்கம் என்கிறாள். பெற்றவளுக்கும் வளர்த்தவளுக்கும் இதிலும் ஒரு சண்டை.

சண்டைக்கு நடுவில் அவளே சொன்னாள்: “நேத்து அதோட பழைய போட்டோவ போன்ல பாத்துக்கினேதான் நடந்தேன் அத்தை. குபேர லிங்கத்துக்கிட்ட சார்ஜ் போயிடுச்சி. அப்புறம் ரொம்ப தூரமா இருந்துச்சு.”


ஜூன் 13, வெள்ளி

தே.க்கு எழுத வேண்டிய கடிதம். முதலில் இங்கே, பிறகு நல்ல தாளில்.

அன்புள்ள தேன்மொழிக்கு, ஆயா எழுதிக்கொள்வது. வேலை நிரந்தரம் ஆனதில் சந்தோஷம். அன்று போனில் சரியாகச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கோபமும் இருக்கிறது, அதையும் சொல்கிறேன். உங்கள் அதிகாரிகளிடம் கேட்டுச் சொல்: இப்போது புதிதாக எங்கேயாவது கட்டுகிறார்கள் என்றால், கயிற்றின் நுனியை வெளியே விட்டுக் கட்டச் சொல். பந்தல்காரனைப் பற்றி உனக்குச் சொன்னேனே.

வேண்டுதலை நான் மாற்றவில்லை. ஒரு செங்கல் என்றால் ஒரு செங்கல்தான். அடுத்த பௌர்ணமி ஜூலை பத்து. அடி அண்ணாமலை வரைக்கும் நான். (டாக்டரிடம் சொல்லாதே.) முடியாவிட்டால் நிருதி லிங்கம் வரைக்கும். அங்கிருந்து உன் அம்மா. அவளுக்குச் செருப்பில்லாமல் நடக்கிற பழக்கம் வர வேண்டும் என்று தினமும் மாடியில் நடக்கச் சொல்லியிருக்கிறேன், சாக்குச் சொல்கிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் அப்புறம் யார் என்று உன் அப்பாவைக் கேட்டேன். பைக் துடைக்கப் போய்விட்டான்.

நீ அனுப்பின படத்தில் முகம் இல்லை. புதிதாக ஒன்று எடு. மூடி, உறை ஒன்றும் வேண்டாம், முழு முகம் தெரிய, வாரின தலையோடு. போனில் அனுப்பாதே, போன் வழியிலே செத்துப்போகிறது. இங்கே கழுவக் கொடுத்தால் ஸ்டூடியோக்காரன் உன்னை வெளுப்பாக்கிவிடுவான், அப்புறம் சாமிக்கே அடையாளம் தெரியாது. அங்கேயே கழுவி, மடங்காமல் அட்டை வைத்து, தபாலில் போடு. இரண்டு பிரதி. ஒன்று சுவருக்கு. இன்னொன்று உள்ளங்கையில் அடங்குகிற அளவு. உன் அம்மா கேட்கவில்லை, கேட்கவும் மாட்டாள். நான் கேட்கிறேன். ஜூலை பத்துக்குள் வந்து சேருகிற மாதிரி அனுப்பு.